விளிம்பின் நடுக்கம்

ஜூன் 3, செவ்வாய்

ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் கழித்து எனக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. கொடுத்தவள் என் மருமகள் சுகந்தி.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"மாமா, பொழுதே போகலீன்னு சொன்னீங்கல்ல? எனக்கு ஒரு ஒதவி வேணுமுங்க. உங்களாட்டப் பொறுமை இருக்கற ஆளுக்குத்தான் அது ஆகும்."

சுகந்தியின் ஆராய்ச்சி, செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு எப்படித் தன் வடிவத்தை அடைகிறது என்பதைக் கணினியில் கணக்காகப் போட்டுப் பார்ப்பது. பேத்தி பிறந்தபோது நிறுத்தியவள், ஆறு வருடம் கழித்துத் தொடர்ந்திருக்கிறாள். டிசம்பரோடு பதிவுக் காலம் முடிகிறது. இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

இரத்தச் சிவப்பணுக்களை நுண்ணோக்கியில் படம் எடுத்திருக்கிறாள். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் ஒரு கூட்டம், இருப்பவர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தின் படங்களில் செல்லின் விளிம்பைக் கணினியே கண்டுபிடித்துக் கோடு போட்டுவிட்டது. இரண்டாவதை எடுத்த வாரம் நுண்ணோக்கியின் விளக்கு மங்கிப்போயிருந்ததாம். கணினி திணறுகிறது. மனிதக் கண் பார்த்து, விளிம்பைச் சுற்றி மவுஸால் புள்ளி வைத்துக்கொண்டே வரவேண்டும். ஆளுக்கு ஒன்றாக அறுபது செல்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்தடுத்து எடுத்த நாற்பது படங்கள்.

முப்பத்து நான்கு வருடம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். கரும்பலகையில் நான் செல் வரைந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 4, புதன்

காலைக் காபி வேட்டியில் கொட்டிவிட்டது. என் மனைவி மயிலாத்தாள் டம்ளரை விளிம்பு வரை நிரப்பிவிடுகிறாள். எத்தனை முறை சொல்வது.

ஜூன் 9, திங்கள்

சுகந்தி தன் கணினி மாதிரியைக் காட்டினாள். திரையில் ஓர் உருண்டை. அதன் தோல் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. தோலின் பரப்பு மாறக்கூடாது என்று கணினிக்குச் சொல்லிவிட்டு, உள்ளேயிருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறாள். உருண்டை மெதுவாகத் தட்டையாகி, இரண்டு பக்கமும் குழிந்து, நான் ஆயிரம் தடவை வரைந்த சிவப்பணுவாக வந்து நின்றது. யாரும் அப்படி வரையச் சொல்லவில்லை. சவ்வு வளைவதற்குக் கொஞ்சம் ஆற்றல் செலவாகும்; எந்த வடிவத்தில் செலவு மிகக் குறைவோ அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மயிலாவுக்குப் பால் பாக்கெட்டை வைத்து விளக்கினேன். முழுதாக நிறைந்த பாக்கெட்டுக்கு உப்பி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு டம்ளர் ஊற்றிவிட்டால்தான் அதற்கு மடங்கலாம், குழியலாம் என்ற சுதந்திரம் வருகிறது.

"அந்தச் சுதந்திரம் இருக்கட்டுங்க. பாக்கெட்டக் குடுங்க, பால் காச்சணும்" என்றாள்.

நான்கு நாளில் மூன்று செல்தான் ஆகியிருக்கிறது. அதுவும் அசிங்கமாக. ஒரே செல்லின் நாற்பது படத்துக்கு நாற்பது விதமாகக் கோடு வருகிறது. ஒன்றில் உள்ளே போகிறது, ஒன்றில் வெளியே வருகிறது. மவுஸ் பழசு. வேறு கேட்டேன்.

ஜூன் 11, புதன்

புது மவுஸ் வந்தது. இதுவும் சரியில்லை.

ஜூன் 12, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன்.

செல்லின் முதல் படத்துக்கு மட்டும் நன்றாக நேரம் எடுத்துக்கொள்வது. முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு புள்ளி வைத்தால் கோடு அச்சுப்போல் விழுகிறது. முதல் படத்தின் கோட்டை அப்படியே எடுத்து அடுத்த படத்தின் மேல் போடுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. போட்டுவிட்டு, மிகவும் விலகித் தெரிகிற புள்ளிகளை மட்டும் லேசாக நகர்த்துவது. இப்படியே நாற்பதும். ஒரே செல். எல்லாம் ஒரு நொடிக்குள் எடுத்த படங்கள். அதற்குள் அது எங்கே போய்விடப்போகிறது?

இன்று மட்டும் நான்கு செல். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

மயிலாவின் தம்பி பழனியப்பன் வந்திருந்தான். ஆனி முடிவதற்குள் மகளுக்குக் கல்யாணம். இருநூறு பத்திரிகைகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"மச்சான் கையெழுத்துல பேர் இருந்தாத்தானுங்க பத்திரிகைக்கே ஒரு களை. எங்க சனத்துல யாரு வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க எழுதாம இருந்திருக்கீங்க?"

கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, எழுத்து மங்குகிறது என்றேன்.

"போன மாசந்தானுங்களே மாத்துனீங்க?" என்றாள் மயிலா. கேட்டுவிட்டு, அவளே பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பேத்தியின் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதிக்கொண்டிருந்தாள். பழனியப்பன் முகம் வாடிப்போயிற்று.

ஜூன் 26, வியாழன்

செல்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் சர்க்கரைக்காரன் என்பதால் மார்ச்சில் நானும் இந்த ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுத்தபோது குழாயில் 17 என்று ஒட்டியதைப் பார்த்தேன். இன்று பதினேழாம் எண் வந்தது. இடது பக்கம் கொஞ்சம் கோணல். மற்றவற்றைவிட அதிகக் கவனம் எடுத்துச் செய்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

அறுபதும் முடிந்தது. சுகந்தி ஒவ்வொரு செல்லிலும் முதல் படத்தைத் திறந்து சரிபார்த்தாள். "என்னங் மாமா இது, கணினியே போட்டாக்கூட இப்படி வராது!" என்றாள்.

முதல் படத்தைத்தான் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் ஆசிரியரும் ரெக்கார்டு நோட்டில் முதல் பக்கத்தைத்தான் பார்ப்பார்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று மாதிரியில் புதிதாக ஒன்று காட்டினாள். செல் சவ்வு இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு உள் அடுக்கைவிடக் கொஞ்சம் விரிந்துவிட்டால் என்ன ஆகும்? ரவிக்கையின் லைனிங் துணி தண்ணீரில் சுருங்கிவிட்டால் மேல்துணி பொம்மிக்கொண்டு நிற்குமே, அப்படி. திரையில் தட்டையான செல்லின் மேல் ஒவ்வொன்றாக மேடு கிளம்பி, உடம்பெல்லாம் முள் முளைத்த உருண்டையாயிற்று.

இந்த வடிவத்தை நான் ஏற்கெனவே ஒரு நோட்டில் பார்த்திருக்கிறேன்.

"சாமி, ஸ்லைடு காஞ்சுபோனா நெசமாலுமே இப்படி ஆகுமா?" என்று சுகந்தியைக் கேட்டேன்.

"ஆகுமுங் மாமா. ஏன், ஸ்கூல்ல பாத்திருக்கீங்களா?"

"இல்லையே" என்றேன்.

பரிமளா என்று ஒரு பெண். பதினோராம் வகுப்பு. இரத்தப் பூச்சு செய்முறை. நான் பலகையில் வரைந்துபோட்டதை எல்லோரும் நோட்டில் பார்த்து எழுதிவிட்டு, பிறகு ஒரு முறை நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் வழக்கம். நாற்பது பேர், ஒரே நுண்ணோக்கி, ஒரு மணி நேரம், வேறெப்படி நடத்துவது? அந்தப் பெண் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். முள் முள்ளாக. வகுப்பில் நோட்டைத் தூக்கிக் காட்டினேன். "இது ரத்தமா, நெருஞ்சிக் காடா?" எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தைக் கிழித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: 'கண்ணில் பட்டதை வரையாதே. இருப்பதை வரை.'

அவள் வரைந்ததும் இருந்ததைத்தான். அவள் முறை வருவதற்குள் ஸ்லைடு காய்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

இரவு உணவின்போது சுகந்தி உற்சாகமாக இருந்தாள். கணக்கு முடிந்துவிட்டதாம். சர்க்கரை நோயாளிகளின் செல் சவ்வு மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு விறைப்பு.

"சவ்வைத் தொட்டுக்கூடப் பார்க்காம விறைப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கறே?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"விளிம்பு ஆடுறத வெச்சுத்தானுங் மாமா. சுத்தியிருக்கற சூட்டுல சவ்வு சும்மா இருக்காது, நடுங்கிட்டே இருக்கும். எந்தளவுக்கு நடுங்குதுன்னு அளந்து மாதிரிக்குள்ள குடுத்தா, எத்தன விறைப்புன்னு அது சொல்லிரும்."

எனக்கு எடுத்துக்காட்டு சொல்லாமல் இருக்க முடியாது. "அப்படின்னா, காத்தடிச்சா துணிப்பந்தல் படபடங்கும், தகரக் கூரை அசையாது. ஆடுறதப் பாத்தே எது துணி எது தகரம்னு தூரத்துல இருந்தே சொல்லிரலாம். அந்த மாதிரியா?"

"அதேதானுங்! எங்காச்சும் பேசறப்ப இதையே நான் சொல்லிக்கறேனுங் மாமா."

இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

மகன் ஓசூரிலிருந்து வந்தான். முருங்கைக்காய்க் குழம்பு. வேறொன்றும் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

சுகந்தியின் வழிகாட்டிப் பேராசிரியர், ஆய்வேட்டுக்கு இந்த ஒரு முடிவே போதும் என்று சொல்லிவிட்டாராம். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி பெங்களூரில் ஒரு கருத்தரங்கு. பேச இடம் கிடைத்திருக்கிறது. ஜாங்கிரி வாங்கி வந்திருந்தாள். நன்றியுரையில் என்னைப் பற்றி எழுதியிருந்ததை எல்லோர் முன்னாலும் வாசித்தாள்: 'இப்பணியில் எனக்கு உதவிய என் மாமனார் திரு. நாச்சிமுத்து அவர்களின் நிதானமான கைகளுக்கு.'

பேத்தி கைதட்டினாள். மயிலா தட்டவில்லை. என் தட்டிலிருந்த ஜாங்கிரியைப் பிட்டு இரண்டாக வைத்தாள்.

ஜூலை 30, புதன்

சர்க்கரை நோயில் சிவப்பணு விறைத்துப்போகும் என்று பழைய புத்தகங்களிலேயே இருக்கிறது. நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆகவே முடிவு தவறில்லை. இருப்பதுதான் வந்திருக்கிறது. நான் ஒன்றும் இல்லாததைச் செய்துவிடவில்லை.

பிற்பகல்: மேலே எழுதியதை மறுபடி வாசித்தேன். சிவப்பு மையில் எழுதியதைப் போலவே இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சுகந்தி பல்கலைக்கழகம் போயிருந்தாள். பதினேழாம் எண்ணைத் திறந்தேன். பழைய கோட்டை மேலே போடாமல், ஒவ்வொரு படத்தையும் புதிதாக, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். பத்துப் படத்துக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று.

மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் நடுவில் இடது விளிம்பு உள்ளே போயிருக்கிறது, கட்டைவிரலால் லேசாக அழுத்தியதுபோல. கை தப்பியதோ என்று மூன்று முறை வரைந்தேன். மூன்று முறையும் அங்கேதான் வந்தது. ஆறாம் படத்தில் மறுபடி வெளியே. எட்டில் மேல்பக்கம்.

அது ஆடுகிறது. ஒவ்வொரு படத்திலும் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆடுவது என் கை மட்டும்தான் என்று நினைத்து நான் எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிட்டேன்.

என் கை ஆடுகிறது. இதை இப்போதுதான் எழுதுகிறேன். இரண்டு வருடமாக ஆடுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சுகந்தி பூஜை அறையில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் போய் நின்றேன்.

"ஏதாச்சும் வேணுங்களா மாமா?"

"மோர்" என்றேன். கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. பேத்தி பள்ளிக்குப் போயிருந்தாள். சுகந்தி கூடத்தில் பெங்களூர்ப் பேச்சுக்கான படங்களைக் கணினியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாமி, அந்தப் பதினேழாம் நம்பரக் கொஞ்சம் தெற."

"உங்க ரத்தமுங்களா?" என்று சிரித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"நாப்பது கோட்டையும் ஒண்ணா போடு."

நாற்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கோடுபோல் நின்றன.

"இப்ப மொதக் கூட்டத்துல ஏதாவது ஒண்ணு."

அதில் கோடுகள் பிரிந்து, புரி விட்ட கயிறுபோலப் பரந்து கிடந்தன.

"அதுதானுங் மாமா வித்தியாசமே. இது ஆடுது. உங்களுது வெறைப்பா நிக்குது பாருங்க."

"அது நிக்கல சாமி. நான்தான் நிறுத்தி வெச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. மேசைமேல் என் வலது கையை நீட்டி வைத்தேன். மேசையில் படாமல், ஓர் அங்குலம் உயரத்தில். அது தன் பாட்டுக்கு ஆடியது. பிறகு முதல் படத்துக் கோட்டைப் பற்றியும் அந்தப் பொத்தானைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாடம் நடத்துவதுபோலக் கோவையாகத்தான் சொன்னேன். அதுவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"எத்தன செல்லுங் மாமா?"

"நாலுல இருந்து அறுபது வரைக்கும்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சமையலறை வாசலில் மயிலா வந்து நின்றிருந்தாள்.

"ரெண்டு வருசமாத் தெரியுமுங்க எனக்கு" என்றாள் என்னிடம். "டம்ளர்ல முக்காவாசிக்கு மேல நான் ஊத்தறதே இல்லியே. இந்தப் புள்ளைக்கு இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா நானே சொல்லியிருப்பனே."

"ஏனுங் மாமா, அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?" சுகந்தியின் குரல் உயரவில்லை.

"கை ஆடுதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சாமி."

"அதுக்கு?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். கணினியை மூடிவிட்டு எழுந்து போனாள். நாள் முழுக்க அந்த ஒரு சொல் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

மாடிப்படியில் நின்று பேராசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்கவில்லை, கேட்டது.

"பேச்ச வாபஸ் வாங்கிக்கறேன் சார்... இல்லீங்க சார், வேற யாரு தப்பும் இல்ல. நான்தான் மொதப் படத்த மட்டும் பாத்துட்டு விட்டுட்டேன்... ஆமாங் சார், டிசம்பர் தெரியுமுங் சார்."

என் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. "சாப்பாடு எடுத்து வெச்சாச்சுங்" என்கிறாள். "மாத்திரை போட்டீங்களா" என்கிறாள். பகலெல்லாம் உட்கார்ந்து முதலிலிருந்து வரைகிறாள். மூன்று செல் முடித்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். இரண்டு மடங்கெல்லாம் இல்லை. வித்தியாசம் கொஞ்சூண்டுதான். இல்லாமலும் போகலாம்.

"இல்லைன்னா என்ன பண்ணுவே?" என்று மயிலா கேட்டதற்கு, "இல்லைன்னா இல்லைன்னு எழுதுவேனுங் அத்தை" என்றாள்.

மணக்கோலத்தில் பழனியப்பன் மகள் படம் வந்திருக்கிறது. பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் சுகந்தி என் நாற்காலிக்கு எதிரே கணினியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, தனியா வரைஞ்சா டிசம்பருக்குள்ள முடியாதுங். நீங்களும் வரையணும்."

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அதுக்கு முன்னால ஒண்ணு வேணும். ஒரே ஒரு படத்த நாப்பது தடவ வரைஞ்சு குடுங்க. படம் ஆடாது, அதனால அதுல ஆடுறது பூராவும் உங்க கைதான். அது எத்தனன்னு தெரிஞ்சா, நீங்க வரையறதுல இருந்து அத்தனையக் கழிச்சிருவேன். கடையில துணிப்பையோட எடை போட்டுட்டு, அப்பறம் பைய மட்டும் போட்டுக் கழிக்கறாங்கல்ல, அந்த மாதிரி."

எடுத்துக்காட்டு நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

"மணிக்கட்டப் பிடிக்கக்கூடாதுங். முழங்கைய ஊனக்கூடாது. திருத்தக்கூடாது. எப்படி வருதோ அப்படி. நீங்க மறைச்சா எங்கணக்கு மறுபடி தப்பாயிரும்."

"எந்தப் படம்?"

"நீங்களே சொல்லுங்க."

"பதினேழு" என்றேன்.

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதல் கோட்டிலேயே புள்ளி வெளியே தாவியது. விரல் தானாகவே அழிக்கும் பொத்தானுக்குப் போயிற்று, எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது, ஆறாவது. அவள் பார்க்கிறாள் என்பது காதுமடலில் சுட்டது. பன்னிரண்டாவதில் கை மிக மோசமாக உதறியது. கோடு செல்லை விட்டே வெளியே போய்த் திரும்பியது. நிறுத்தினேன்.

"அதுவும் வேணுமுங்" என்றாள்.

முப்பதுக்கு மேல் வெட்கப்படுவதற்கும் தெம்பில்லை. வரைந்துகொண்டே போனேன். நாற்பதையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினாள். என் கையை இதற்கு முன் நான் பார்த்ததில்லை என்று தோன்றியது. ஒரு ரோமக் கயிறு போல, எல்லாப் பக்கமும் சிலிர்த்துக்கொண்டு, நடுவில் எங்கோ செல்.

சுகந்தி கொஞ்ச நேரம் எண்களைத் தட்டினாள். "பெருசுதான். ஆனா கழிக்கலாமுங் மாமா" என்றாள். சிரிக்கவில்லை. அவள் அதை ஒரு கோப்பாகச் சேமித்து, பெயர் கேட்ட கட்டத்தில் என் பெயரைத் தட்டச்சு செய்தாள்.

மயிலா காபி கொண்டுவந்தாள். முக்கால் டம்ளர். எப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் குடிப்பேன். இன்று திரும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, சுகந்திக்கு எதிரிலேயே குடித்தேன். கொஞ்சம் சிந்தியது. அவள் கீழே கிடந்த துணியை எடுத்து மேசையைத் துடைத்துவிட்டு, பதினெட்டாம் எண்ணைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.